மாற்றிக் கட்டிய பட்டை

காவல்பட்டை என்பது நான்கு விரல் அகலமுள்ள துணிப்பட்டை. ஆறாம் மாதம் பிறந்ததும் கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்து கர்ப்பிணியின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவாள். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். அந்தப் பட்டை பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும், அசைவை எண்ணும், நஞ்சுக்கொடியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று கவனிக்கும். தாயின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அறியும். அவள் மல்லாந்து படுக்கிறாளா, ஒருக்களித்துப் படுக்கிறாளா என்பதுகூட அதற்குத் தெரியும். இவற்றோடு, தாய்க்கு என்ன வயது, முன்பு பிள்ளை தவறியது உண்டா, ரத்தசோகை உண்டா என்று நர்ஸ் கேட்டுப் பதிந்த விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, வயிற்றுப் பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும். கணக்கிட்டதைப் பட்டையின் நடுவே, புளியங்கொட்டை அளவில் இருக்கும் ஒரு மணி நிறத்தால் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் யாரும் கூப்பிடாமலே ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வந்துவிடும்.

நல்ல காரியம்தான். பட்டை வந்த சில வருஷங்களிலேயே, வயிற்றிலேயே அடங்கிப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த மாவட்டத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. அதைச் செய்தவர்களைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் அந்த மணியை மட்டும் அவர்கள் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டாம். சேலைக்கு உள்ளே இருந்தாலும் அது மினுங்கும். மனிதர்களிடம் ஒரு நிறத்தைக் காட்டினால் போதும், அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

எபனேசர்புரத்தில் அப்படித்தான் நடந்தது. பச்சை மணிக்காரி புண்ணியவதி ஆனாள். மஞ்சள் மணிக்காரியிடம், "என்னத்தச் சாப்பிட்ட? யாரோட சண்டை போட்ட? ஜெபம் பண்ணுதியா இல்லையா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்கறையோடுதான் கேட்டார்கள். அக்கறை சில நேரம் கல்லைவிடக் கனமாக விழும்.

மகன்கள் இருவரும் வெளியூரில் வேலை செய்த ரத்தினம்மாள் வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தார்கள். மூத்தவள் எப்சிபாவுக்கு வயது முப்பத்தெட்டு. ஐந்து வருஷத்துக்கு முன்பு, பட்டையெல்லாம் ஊருக்குள் வராத காலத்தில், எட்டாம் மாதத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பறிகொடுத்தவள். கொஞ்சம் ரத்தக்கொதிப்பும் உண்டு. பட்டையைக் கட்டிய அன்றே மஞ்சள் எரிந்தது. இளையவள் பியூலாவுக்கு இருபத்தாறு வயது. எந்தக் குறையும் இல்லாத உடம்பு. அவளுக்குப் பச்சை.

எப்சிபா அந்த மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோற்றைப் பிசைவாள், மணியைப் பார்ப்பாள், பிறகு கையைக் கழுவிவிடுவாள். படுத்தால் போர்வையை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். கோவிலில் முன்வரிசையில் உட்காருவதை விட்டு, தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளைப் பற்றி யாராவது விசாரித்தால் ரத்தினம்மாள் குரலைத் தாழ்த்தி, "மூத்தவளுக்கு மஞ்சள்தான். என்ன செய்ய, கர்த்தர் சித்தம்" என்பாள். அந்தத் தாழ்ந்த குரல்தான் வீடு முழுவதும் கேட்டது.

அசனப் பண்டிகை வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே சேர்ந்து கோவில் வளாகத்தில் சமைத்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை அது. அன்று காலை எப்சிபா, தனக்கு முதுகு வலிக்கிறது, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பியூலா அவளைக் குளியலறை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"முதுகு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்பளைகளுக்குப் பயந்துக்கிட்டு இருக்கிய."

"போட்டும் பியூலா. நீ போயிட்டு வா. எனக்கு ஒரு வாளியில சோறு வாங்கிட்டு வந்திரு."

"அக்கா, நீங்க நேத்து முழுக்க ரெண்டு இட்லிதான் தின்னிய. வயித்துல இருக்கது என்னத்தத் தின்னும்? ஒண்ணு செய்வோம். உங்க பட்டைய எனக்குத் தாங்க. என்னோடத நீங்க கட்டிக்கிடுங்க. இன்னைக்கு ஒருநாள்தான். சாயங்காலம் மாத்திக்கிடுவோம்."

"ஏட்டி, அது யாரு உடம்புல இருக்கோ அவ நெறத்தத்தான காட்டும்?"

"கட்டித்தான் பாப்போமே."

கட்டிப் பார்த்தார்கள். எப்சிபாவின் இடுப்பில் பச்சை எரிந்தது. பட்டை உடம்பைக் கேட்டது உண்மை. ஆனால் அந்த உடம்பின் வயதும், பழைய இழப்பும் அதற்குத் தெரியாது. அது எப்சிபாவை இருபத்தாறு வயதுப் பெண் என்று நம்பி, கொஞ்சம் கூடியிருந்த ரத்த அழுத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. பியூலாவின் இடுப்பில் மஞ்சள் எரிந்தது.

பட்டை கைரேகை எதுவும் கேட்பதில்லை. ஒரு தாய் தன்னுடைய பச்சையைக் கழற்றி இன்னொரு தாய்க்குக் கொடுப்பாள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

கோவில் வளாகத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் ஆட்டிறைச்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பியூலாவைப் பார்த்ததும் ஒருத்தி கத்தியை நிறுத்தினாள்.

"என்ன பியூலா, போன ஞாயிற்றுக்கிழமை பச்சையாத்தான இருந்த? மஞ்சளா மாறிட்ட?"

"பழுத்துட்டேன் அக்கா" என்றாள் பியூலா. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பியூலா அதைக் கவனித்தாள். நான்கு விரல் இடைவெளிதான் அது. இத்தனை நாளும் அக்கா இந்த இடைவெளிக்குள்தான் இருந்திருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

போதகரின் மனைவியை ஊரில் ஐயரம்மா என்பார்கள். அவர் எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா எப்சிபா. ஜெபத்துக்குப் பதில் வந்துட்டு. வா, முதல் அளவு அரிசிய நீயே உலையில போடு."

எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அரிசியைப் போட்டாள். பந்தியில் ரத்தினம்மாளே வந்து அவள் இலையில் நல்லி எலும்பை வைத்தாள். எப்சிபா இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் சாயங்காலம் கோவில் மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் தூங்கிய முதல் தூக்கம் அது.

பியூலா பட்டையைக் கழற்றப் போனபோது எப்சிபா அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஒருநாள் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். பியூலா சரி என்றாள். மறுநாளும் அதே கேள்வி. இப்படியே நாலைந்து நாள் போனது. எப்சிபா சாப்பிட்டாள், தூங்கினாள், கிணற்றடியில் நின்று பாட்டுக்கூடப் பாடினாள். ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உட்கார இடமில்லாமல் நின்றவளுக்கு எந்த மணையும் மணைதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருவரும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பியூலாவின் இடுப்பிலிருந்து சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். மணி சிவப்பாக எரிந்தது.

"அக்கா, கழத்துங்க. வண்டி வாரதுக்குள்ள மாத்திக்கிடுவோம்."

"எதுக்கு எரியுது?"

"உங்க வயசையும் என் உடம்பையும் போட்டுக் குழம்பிக்கிட்டு எரியுது. எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சீக்கிரம். அத்தை கீழதான் இருக்காவ."

எப்சிபா கொக்கியில் கையை வைத்துவிட்டாள். மாற்றிக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும். வண்டி எப்சிபாவைக் கூட்டிக்கொண்டு போகும். அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பியூலாவின் இடுப்பில் மறுபடியும் பச்சை எரியும். நடந்தது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"பியூலா, பிள்ளை கடைசியா எப்ப அசைஞ்சுது?"

"காலைல."

"காலைல எப்ப?"

"இது சாதுப் பிள்ளைக்கா. அதிகம் உதைக்காது. அவிய அப்பா மாதிரி."

"நேத்து அசைஞ்சுதா?"

பியூலா பிழிந்த சேலையையே மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த மௌனம் எப்சிபாவுக்குத் தெரிந்த மௌனம். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு டாக்டர் இதே கேள்வியைக் கேட்டபோது, அவளும் இப்படித்தான் பதில் சொல்லாமல், கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். "மாத்த வேண்டாம்."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாவ? ஐயரம்மா, அத்தை, எல்லாரும்..."

"சொல்லட்டும். நீ மெள்ளப் படி இறங்கு. கைப்பிடியப் பிடி."

வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண், கையிலிருந்த திரையைப் பார்த்து, "எப்சிபா யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் எப்சிபா. "ஆனா படுக்க வேண்டியது இவ. என் பட்டை இவ இடுப்புல இருக்கு. நாங்கதான் மாத்திக் கட்டிக்கிட்டோம். பேரப் பாக்காதிய. பிள்ளையப் பாருங்க."

வாசலில் நின்ற ரத்தினம்மாளும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு வண்டியில் ஏறினாள்.

பியூலாவை நேராக அறுவைச் சிகிச்சை அறைக்குத்தான் கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் ரத்தினம்மாளும் எப்சிபாவும் உட்கார்ந்திருந்தார்கள். எப்சிபா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"நல்லாத் தூங்கினியான்னு நான் ஒரு தடவையாவது உன்கிட்ட கேட்டிருந்தா, நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பண்ணியிருக்க மாட்டிய" என்றாள் ரத்தினம்மாள். "நான் கேட்டதெல்லாம் மணி என்ன நெறம்னுதான்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கேயோ எண்ணெய் போடாத கதவை யாரோ திறக்கிறார்கள் என்று ரத்தினம்மாள் நினைத்தாள். எப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். அது பிள்ளையின் அழுகை.

பெண்பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அழுதது.

டாக்டர் ஹமீதா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். ஐம்பது வயதிருக்கும். களைத்த முகம். "பட்டையை மாத்தினது யாரோட யோசனை?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்தான் டாக்டர்" என்றாள் எப்சிபா.

"உக்காருங்க. உங்களைத் திட்டணுமா, நன்றி சொல்லணுமான்னு எனக்கே தெரியலை. அந்தப் பொண்ணோட நஞ்சுக்கொடி வேலை செய்யறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திக்கிட்டே வந்திருக்கு. பிள்ளை வளரவே இல்லை. பட்டினி கிடந்திருக்கு. இன்னும் ஒருநாள் போயிருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்போம்."

"அவளுக்குப் பச்சைதான எரிஞ்சுது?" என்று கேட்டாள் எப்சிபா.

"அதான் விஷயம். மஞ்சள்காரங்களோட பிள்ளையைப் பட்டை ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை கேக்கும். பச்சைக்காரங்களை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைதான் கேக்கும். ஆபத்துன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் காவல் அதிகம். ஆனா வயசு சரி, பிரஷர் சரி, முன்னாடி எந்த இழப்பும் இல்லை, அப்படி இருக்கறவங்க வயித்துலயும் பிள்ளை அடங்கிப்போறது உண்டு. உங்க பட்டை உங்க வயசை நம்பி, அவளை மணிக்கு மணி கேட்டுது. அதனாலதான் கண்டுபிடிச்சுது. அவளோட பட்டையே இருந்திருந்தா, பிள்ளைக்கு எப்பவாவது துடிப்பு சரியா இருக்கற நேரத்துல கேட்டுட்டு, பச்சையைக் காட்டிட்டு இருந்திருக்கும். தனக்குப் பச்சைதான்னு அவளும் பிள்ளை அசையறதைக் கவனிக்கறதை விட்டுட்டா."

ரத்தினம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

"ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா, நானும் சொல்றேன்" என்றார் டாக்டர். "ஆனா இதையும் கேளுங்க. எப்சிபா, வந்ததும் உங்க பிரஷரையும் பாத்தோம். ஏறியிருக்கு. பட்டையில பதிவானதைப் பாத்தா, இந்த நாலைஞ்சு நாளா ஏறிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பட்டை உங்களைச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டுது. நீங்க அவளுக்கு உங்க காவலைக் குடுத்தீங்க. அவ உங்களுக்குத் தூக்கத்தைக் குடுத்தா. நல்லதுதான். ஆனா உங்க பிள்ளைக்கு யாரும் காவல் இல்லாம போச்சே."

எப்சிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பச்சை மணி அவள் சேலைக்குள் இன்னும் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்க. பிள்ளை நல்லா இருக்கு. இனி பிரசவம் வரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார் டாக்டர்.

எப்சிபாவின் பிள்ளை அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து நல்லபடியாகப் பிறந்தது, ஆண்பிள்ளை. வாசிக்கிறவர்களை அந்தக் கவலையோடு வைத்திருக்க மனம் வரவில்லை, அதனால் இப்போதே சொல்லியாகிவிட்டது. டாக்டர் ஹமீதா மேலிடத்துக்கு இரண்டு யோசனைகள் எழுதினார். எல்லாத் தாய்மார்களின் பிள்ளைகளையும் பட்டை ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை கேட்க வேண்டும் என்பது ஒன்று. மணியின் நிறம் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பது மற்றொன்று. முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது இன்னும் ஆலோசனையில் இருக்கிறதாம். எபனேசர்புரத்துப் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஐயரம்மா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, தான் நிறத்தைப் பார்த்து அரிசி போடச் சொன்னதற்காக எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டார். இப்போது அங்கே கர்ப்பிணியைக் கண்டால், "பிள்ளை அசையுதா? நீ சாப்பிட்டியா?" என்று இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். இரண்டும் நல்ல கேள்விகள். எந்த இயந்திரமும் இல்லாமல் கேட்கலாம்.

ஆனால் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியில் நடந்ததை.

பியூலாவுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளையோ கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. அந்த வார்டில் முத்துலட்சுமி என்ற நர்ஸ் ஒருநாள் காலையில் வந்து, "இதைப் பெட்டியிலேயே வைக்க வேண்டாம். ஒரு ஆள் நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கிட்டா சூடு கிடைக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல். வேற யாரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என் நெஞ்சுல எலும்புதான் இருக்கு" என்றாள் ரத்தினம்மாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த எப்சிபா ரவிக்கையின் கொக்கிகளை அவிழ்த்தாள்.

முத்துலட்சுமி பிள்ளையை அவள் மார்பின் மேல் கவிழ்த்து வைத்து, துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றினாள். கீழே அவளுடைய சொந்தப் பிள்ளை, மேலே பியூலாவின் பிள்ளை. மேலே இருந்தது ஒரு விரலால் அவள் தோலைச் சுரண்டியது. உள்ளே இருந்தது பதிலுக்கு ஒரு உதை விட்டது. எப்சிபா சிரித்துக்கொண்டாள். பியூலா தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரொம்பக் கனக்குதா?"

"போ. ஒரு கத்தரிக்காய் கனம்கூட இல்ல உன் மக."

கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. எப்சிபாவின் இடுப்பில் இப்போது அவளுடைய சொந்தப் பட்டை, சொந்த விவரங்களோடு கட்டியிருந்தது. அதில் சிவப்பு எரிந்தது. வார்டின் சுவரில் விளக்கு சுழன்றது. முத்துலட்சுமி தள்ளுகட்டிலோடு ஓடி வந்தாள். பின்னாலேயே டாக்டர் ஹமீதா. பியூலா எழுந்து உட்கார முயன்றாள், முடியவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் எப்சிபாவின் வயிற்றில் கையை வைத்தார். ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். காதுக்குழாயை வைத்து, கண்ணை மூடி, முழுதாகக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு பட்டையின் சிறிய திரையைத் திருப்பிப் படித்தார். அவர் தோள்கள் தளர்ந்தன.

"ஒண்ணும் இல்லை. இதுக்கு ரெண்டு இதயம் கேக்குது. இரட்டைப் பிள்ளைன்னு நினைச்சுட்டுது. முப்பத்தெட்டு வயசு, பிரஷர், முன்னாடி ஒரு இழப்பு, இப்ப இரட்டைப் பிள்ளை. பாவம், சிவக்காம என்ன செய்யும்?" அவர் துணியின் முடிச்சில் கைவைத்தார். "பிள்ளையைக் கொஞ்சம் எடுத்துட்டா மாறிடும்."

எப்சிபா டாக்டரின் கையை மெதுவாக விலக்கினாள். மணியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எரிஞ்சா எரியட்டும் டாக்டர். நீங்கதான் பாத்துட்டியல்லா. இப்பத்தான் கண்ணசந்துருக்கு. அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, பிள்ளை முழிச்சிரும்."